தானாகப் பேசிக்கொள்ளும் பெட்டிகள்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழா மேடையில் ஒழுக்கத்தைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் தாய்மொழிப் பற்றைப் பற்றியும் பேசுவது வழக்கம். எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் அவற்றை நன்றாகவே சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் நேரே உங்கள் வீட்டுக் கூடத்துக்கு வருகிறேன். தொலைக்காட்சிக்குப் பின்னாலோ செருப்பு அலமாரிக்கு மேலேயோ ஒரு சின்னப் பெட்டி இருக்கும். இரண்டு மூன்று பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும். தூசி படியக்கூடாது என்று பாட்டி அதன்மேல் ஒரு துணி போட்டிருப்பார். அதை மாட்ட வந்த ஆள், "எல்லாம் ஆட்டோமேட்டிக், அண்ணே. நீங்க ஒண்ணும் செய்யவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

அந்த 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஒண்ணும் செய்யவேண்டாம் என்பது முக்கால் பங்கு உண்மை. மீதிக் கால் பங்கு நம் கையில் இருக்கிறது. அதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

"இது படித்த பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் விஷயந்தானே, நமக்கென்ன?" என்று நினைக்காதீர்கள். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி ஞாபகம் இருக்கிறதா? கொவிட் காலத்தில் பள்ளிகள் எல்லாம் வீட்டிலிருந்தே கற்றலுக்கு மாறிய நாள். அன்று முதல் வகுப்பறை அந்தச் சின்னப் பெட்டிக்குள் போய்விட்டது. கணினியும் இணையமும் இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிகள் கணினிகளையும் இணைப்புக் கருவிகளையும் இரவல் கொடுத்தன. அதே மாதத்தில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் நம் சகோதரர்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வரமுடியாமல் அறைக்குள் இருந்தார்கள். ஊரில் இருக்கும் தாயின் முகத்தைப் பார்க்க அவர்களுக்கு இருந்த ஒரே வழி ஒரு சிம் அட்டை. பெட்டி இணைந்தால் வகுப்பு உண்டு, தாய் முகம் உண்டு. இணையாவிட்டால் ஒன்றும் இல்லை. ஆகவே இது வீட்டுப் பிரச்சினை. நம் எல்லோருடைய பிரச்சினை.

மோடம் யார், ரவுட்டர் யார்?

முதலில் ஆட்களை அறிமுகம் செய்துவிடுகிறேன். மோடம் என்பது மொழிபெயர்ப்பாளர். வீட்டுக்கு வெளியே இருக்கும் கம்பிக்கு ஒரு பாஷை, உங்கள் கணினிக்கு ஒரு பாஷை. இந்தப் பக்கம் வருவதை அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கம் வருவதை இந்தப் பக்கத்துக்கும் மாற்றிச் சொல்வது மோடத்தின் வேலை. ரவுட்டர் என்பது தபால்காரர். வீட்டுக்குள் அப்பாவின் தொலைபேசி, மகளின் கணினி, தம்பியின் விளையாட்டுக் கருவி என்று நாலைந்து இருக்கின்றன. எந்தக் கடிதம் யாருக்கு என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பவர் இவர். சில வீடுகளில் இருவரும் ஒரே பெட்டிக்குள் குடியிருப்பார்கள். சில இடங்களில் ரவுட்டர் தனியாக இருக்கும். அதன் முதுகில் ஒரு சின்ன மோடத்தைச் செருகுவார்கள்.

இந்த இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் பேச வைப்பது ஒரு காலத்தில் பெரும்பாடு. சிங்கப்பூரில் பொதுமக்களுக்கான முதல் இணையச் சேவையான சிங்நெட் 1994இல் தொடங்கியது. அப்போது தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் போகவேண்டும். எந்த எண்ணைச் சுற்றுவது, என்ன வேகத்தில் பேசுவது, பயனர் பெயர் என்ன, ரகசியச் சொல் என்ன, எல்லாவற்றையும் கையால் தட்டவேண்டும். ஓர் எழுத்து தவறினால் வெறும் இரைச்சல்தான் மிச்சம். அந்தக் காலத்து மோடம் தொலைபேசியில் 'கீ... கர்ர்...' என்று கத்தியது வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது வெறும் சத்தம் இல்லை. "நான் இவ்வளவு வேகமாகப் பேசுவேன், உன்னால் முடியுமா?" "என்னால் அவ்வளவு முடியாது, கொஞ்சம் குறைத்துக்கொள்" என்று இரண்டு மோடங்கள் பேரம் பேசிக்கொண்ட சத்தம். தேக்கா சந்தையில் மீன் வாங்குவதுபோல! அந்தப் பேரந்தான் மோடம்கள் தாமாகச் செய்துகொண்ட முதல் காரியம்.

சிம் அட்டைக்குள் இருக்கும் ஊர்ப்பெயர்

இன்று எப்படி நடக்கிறது? ஓர் உதாரணம் சொல்கிறேன். தீபாவளிச் சந்தையில் ஒருவர் வளையலும் பூச்சரமும் விற்கத் தற்காலிகக் கடை போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சுவரும் இல்லை, சுவருக்குள் கம்பியும் இல்லை. ஆனால் வாங்க வருகிறவர்கள் தொலைபேசியைக் காட்டிப் பணம் கட்டுகிறார்கள். ஆகவே அவர் ஒரு சின்ன ரவுட்டர் வாங்கி, அதில் விரலளவு மோடம் ஒன்றைச் செருகி, அதற்குள் ஒரு சிம் அட்டையைப் போடுகிறார். ஒரு நிமிடத்தில் விளக்கு பச்சையாகிறது. அந்த ஒரு நிமிடத்துக்குள் என்னென்ன நடந்தது தெரியுமா?

முதலில் ரவுட்டர் கேட்கிறது: "நீ யாரப்பா?" மோடம் இரண்டு எண்களைச் சொல்கிறது. ஒன்று தன்னைச் செய்த கம்பெனியின் எண், மற்றொன்று தன் ரகத்தின் எண். நம் அடையாள அட்டை மாதிரி. ரவுட்டர் தன்னிடமுள்ள பட்டியலில் பார்த்து, "சரி, உன்னை எனக்குத் தெரியும்" என்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சில மோடங்கள் செருகியவுடன் தன்னை மோடம் என்று சொல்லாமல், "நான் ஒரு குறுந்தட்டு" என்று சொல்லும். கணினியில் போடவேண்டிய மென்பொருளை அதற்குள்ளேயே வைத்து விற்றதால் வந்த பழக்கம் அது. விவரம் தெரிந்த ரவுட்டர், "வேஷத்தைக் கலை, வேலைக்கு வா" என்று ஒரு செய்தி அனுப்பும். உடனே அது மோடமாக மாறிவிடும்.

அடுத்து, இரண்டும் பேசிக்கொள்ள ஒரு மொழி வேண்டும். அந்த மொழி 1981இல் பிறந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹேஸ் என்ற கம்பெனி ஸ்மார்ட்மோடம் என்ற பெட்டியை விற்றது. அதனிடம் எதையும் கேட்பதற்கு முன்னால் 'ஏ', 'டி' என்று இரண்டு எழுத்துகளை அனுப்பவேண்டும். 'கவனி' என்று அர்த்தம். "கவனி" என்றால் "ஓகே" என்று பதில் வரும். அந்தப் பெட்டி நொடிக்கு 300 பிட், அதாவது சுமார் 30 எழுத்துகள், அனுப்பியது. இன்று நம் வீட்டுக்கு வரும் கண்ணாடியிழை நொடிக்கு நூறு கோடி பிட் தாராளமாகத் தருகிறது. ஆனால் தீபாவளிக் கடையில் செருகிய மோடம் பெரும்பாலும் அதே 'ஏ', 'டி' என்ற அழைப்புக்குத்தான் இன்னும் தலையைத் திருப்புகிறது. நாற்பது வருஷத்துக்கு மேலாக மாறாத பேச்சு!

மூன்றாவதாக, ரவுட்டர் சிம் அட்டையைப் படிக்கிறது. மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிம் அட்டைக்குள்ளும் பொதுவாக 15 இலக்கம் கொண்ட ஓர் எண் இருக்கிறது. உங்கள் தொலைபேசி எண் வேறு, இது வேறு. அதன் முதல் மூன்று இலக்கம் எந்த நாடு என்று சொல்லும். சிங்கப்பூர் 525. மலேசியா 502. இந்தியாவுக்கு 404, 405. இலங்கைக்கு 413. அதற்கடுத்த இலக்கங்கள் எந்த நிறுவனம் என்று சொல்லும். 525க்குப் பிறகு 01 வந்தால் சிங்டெல், 03 வந்தால் எம்1, 05 வந்தால் ஸ்டார்ஹப். ஊர்ப்பெயரையும் வீட்டுப்பெயரையும் நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதுபோல. இந்த இலக்கங்களைப் பார்த்தவுடன் ரவுட்டர் தன் பட்டியலைப் புரட்டி, அந்த நிறுவனத்தின் எந்த வாசல் வழியாக இணையத்துக்குள் போகவேண்டும் என்று கண்டுபிடிக்கிறது. அந்த வாசலின் பெயரைத்தான் ஏபிஎன் என்கிறார்கள். முன்பெல்லாம் அதைக் கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். நாம் தட்டவேண்டும். இப்போது பெட்டியே பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஓர் அம்மா, சிம் அட்டையைப் போட்டவுடன் மகனோடு பேச முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

ஆனால் இது தடுக்கி விழும் இடங்களும் உண்டு. சொந்தக் கோபுரம் இல்லாமல், மற்றவர் கோபுரத்தை வாடகைக்கு எடுத்துச் சேவை விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களுடைய அட்டையில் கோபுரக்காரரின் எண்ணே இருக்கலாம். பெட்டி அதைப் பார்த்துவிட்டுத் தப்பான வாசலைத் தட்டும். கதவு திறக்காது. அப்போது சேவை நிறுவனம் தரும் ஏபிஎன் பெயரை நாமே எழுதவேண்டும். உட்லண்ட்ஸ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு வேறொரு அனுபவம் உண்டு. நீர்ச்சந்திக்கு அக்கரையில் இருக்கும் மலேசியக் கோபுரத்தின் சத்தம் பலமாகக் கேட்டால், கருவி தானாக அங்கே தாவிவிடலாம். வெளிநாட்டு இணைப்பை நீங்கள் அனுமதித்து வைத்திருந்தால் மாத முடிவில் பில் வரும். தாவியது பெட்டி, காசு கட்டுவது நீங்கள்! இன்னொன்று, சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017இலும் 3ஜி சேவை 2024இலும் நிறுத்தப்பட்டுவிட்டன. பழைய 3ஜி மோடத்தை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால் எந்த ஆட்டோமேட்டிக்கும் அதற்கு உயிர் கொடுக்காது.

பெரட்டுக் களமும் முகவரியும்

வாசலுக்குள் போனால் மட்டும் போதாது. ஒரு முகவரி வேண்டும். இதைத் தோட்டத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். செம்பவாங், நீ சூன் பக்கம் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலத்தில் இங்கேயும் அந்த வழக்கம் இருந்தது. விடியற்காலையில் பெரட்டு. புதிதாக வந்த ஆள் களத்தில் நின்று, "நான் வந்திருக்கிறேன், எனக்கு வேலை கொடுப்பவர் யாருங்க?" என்று கேட்கிறார். கிராணி, "பன்னிரண்டாம் நிரை காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறாயா?" என்கிறார். "அதையே எடுத்துக்கிறேன், ஐயா" என்கிறார் ஆள். "சரி, எழுதிவிட்டேன்" என்று கிராணி செக்ரோல் புத்தகத்தில் பதிகிறார்.

கணினி உலகில் இதற்கு டிஎச்சிபி என்று பேர். 1993இல் வகுக்கப்பட்ட முறை. அங்கேயும் இதே நாலு பேச்சுதான்: தேடுதல், தருவதாகச் சொல்லுதல், கேட்டு வாங்குதல், பதிந்து உறுதி செய்தல். நிரை நிரந்தரமில்லை. இத்தனை மணி நேரம், இத்தனை நாள் என்று கெடு உண்டு. கெடு முடியும் முன்னால் புதுப்பிக்கவேண்டும். ஆள் வராவிட்டால் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் தொலைபேசி வீட்டுக்குள் நுழைந்ததும் ரவுட்டர் அதற்குக் கிராணியாக இருந்து எண் கொடுக்கிறது. அந்த ரவுட்டரோ தனக்கு மேலே இருக்கும் நிறுவனத்திடம் இப்படியே நின்று எண் வாங்குகிறது. கிராணிக்கும் மேலே ஒரு பெரிய கிராணி.

கம்பி வழியாக வரும் மோடங்களும் அப்படித்தான். ஸ்டார்ஹப் நிறுவனம் 2019 வரை நடத்திய கேபிள் சேவையில், மோடத்துக்கு மின்சாரம் கொடுத்தவுடன் அது அலைவரிசையைத் தேடிப் பிடித்து, முகவரி வாங்கி, தனக்குரிய கட்டளைக் கோப்பு ஒன்றை இறக்கிக்கொள்ளும். எவ்வளவு வேகம் தரவேண்டும் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். 2010இல் தொடங்கிய நாடளாவிய கண்ணாடியிழைச் சேவையில், சுவரில் மாட்டிய பெட்டி தன் வரிசை எண்ணை நிலையத்துக்குச் சொல்லிப் பதிந்துகொள்கிறது. அதற்குப் பிறகும் சேவை நிறுவனம் தூரத்திலிருந்தே உங்கள் ரவுட்டரின் அமைப்பை மாற்ற ஒரு பொதுமுறை உண்டு. டிஆர்-069 என்று பெயர். 2004இல் வெளிவந்தது. பெட்டி அவ்வப்போது தலைமையிடத்தைக் கூப்பிட்டு, "நான் இன்னார், நலமாக இருக்கிறேன், ஏதாவது கட்டளை உண்டா?" என்று கேட்கும். தலைமையிடம் புதிய மென்பொருளையும் அனுப்பும், அமைப்பையும் மாற்றும். நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஒத்துப்போனதால் வந்த வசதி

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பெட்டிக்கு மூளை இருக்கிறது என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. இது மூளை இல்லை, ஒப்பந்தம். 525 என்றால் சிங்கப்பூர் என்று முன்கூட்டியே மனிதர்கள் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டார்கள். அதனால்தான் இன்று பெட்டிகள் பேசாமல் கொள்ளாமல் ஒத்துப்போகின்றன.

நம் தமிழும் இதே பாடத்தைக் கற்றது, இதே ஊரில். 1995இல் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த நான்கு மொழிக் கவிதைத் தளத்தில் தமிழையும் இணையத்தில் ஏற்றிக் காட்டியவர் நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். ஆனால் அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. ஒருவர் எழுதிய தமிழ் இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவைத் தேடிப்பிடித்துக் கையால் நிறுவவேண்டும். 1997 மே மாதம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. பல நாட்டுத் தமிழர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து, ஒரே முறைக்கு வருவோம் என்று பேசினார்கள். 1999இல் சென்னை மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை வந்தது. பிறகு யூனிக்கோடு முறை எல்லா இடமும் பரவியது. இன்று பாட்டியின் தொலைபேசியில் தமிழ் தானாகத் தெரிகிறது. நா. கோவிந்தசாமி 1999இல் மறைந்துவிட்டார். தானாகத் தெரிகிறது என்று நாம் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படிச் சிலர் இருக்கிறார்கள்.

வேலியே பயிரை மேய்ந்த கதை

ஒத்துப்போவது நல்லதுதான். ஆனால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி என்று ஒத்துப்போனால்? புளோக் முழுக்க நூறு வீட்டுக்கும் ஒரே சாவி என்றால் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்களா?

அதுதான் நடந்தது. பெட்டி செய்யும் கம்பெனிகளில் பல, வசதிக்காக, எல்லாப் பெட்டிக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே ரகசியச் சொல் வைத்து விற்றன. 'அட்மின்', '1234', 'பாஸ்வேர்ட்' இப்படி. 2016இல் மிராய் என்ற கிருமி நிரல் கிளம்பியது. அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. இப்படிப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பெயர், ரகசியச் சொல் ஜோடிகளைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்திலுள்ள ரவுட்டர்களையும் கேமராக்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. லட்சக்கணக்கான கதவுகள் திறந்துகொண்டன.

அந்த ஆண்டு அக்டோபர் 22, 24 ஆகிய இரு நாள்களிலும் சிங்கப்பூரில் ஸ்டார்ஹப் வாடிக்கையாளர்கள் பலருக்கு இணையம் நின்றது. நிறுவனத்தின் பெயர்தேடும் கணினிகளை நோக்கி வெள்ளமாகக் கேள்விகள் வந்து குவிந்ததுதான் காரணம். எங்கிருந்து வந்தன? வாடிக்கையாளர்களின் வீடுகளிலிருந்த, கிருமி தொற்றிய கருவிகளிலிருந்தே வந்தன என்று நிறுவனம் தெரிவித்தது. அந்த வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் வீட்டுக் கருவி வேறொருவன் சொல் கேட்டு நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அடுத்த மாதம், நவம்பர் 27ஆம் தேதி, ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் நிறுவனத்தின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு பாதிக்கப்பட்டது. அங்கே தாக்கியவர்கள் தேடிப்போன கதவு எது தெரியுமா? தூரத்திலிருந்து ரவுட்டரைத் தானாகச் சரிசெய்வதற்காகத் திறந்து வைத்திருந்த அதே கதவு. உதவிக்கு வைத்த வழியில் திருடன் வந்தான். வேலியே பயிரை மேய்ந்தது என்று நம்மவர்கள் சொல்வார்களே, அதுதான்.

சிங்கப்பூர் இதிலிருந்து பாடம் கற்றது. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் வீட்டு ரவுட்டர்களுக்கு விதிமுறை வகுத்தது. 2021 ஏப்ரல் 13 முதல் இங்கே விற்பனைக்கு வரும் வீட்டு ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரகசியச் சொல் இருக்கவேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கவேண்டும். இணையப் பாதுகாப்பு அமைப்பு நான்கு நிலை கொண்ட பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தையும் கொண்டுவந்தது. ரவுட்டர் அந்த முத்திரையைப் பெற்றிருக்கவேண்டும். சிராங்கூன் சாலையிலோ சிம் லிம் ஸ்குவேரிலோ வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நண்பர் கொடுத்தார், பழைய சாமான் கடையில் வாங்கினேன் என்று அதற்கு முந்திய பெட்டியைப் பயன்படுத்துகிறீர்களா? அந்தச் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. நீங்களேதான் பூட்டை மாற்றவேண்டும்.

எதைப் பெட்டியிடம் விடலாம், எதை விடக்கூடாது?

பெரியோர்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். வேகம், அலைவரிசை, முகவரி, வாசலின் பெயர், இவற்றைப் பெட்டியிடமே விட்டுவிடுங்கள். நம்மைவிட அது நன்றாகச் செய்யும். நோண்டாதீர்கள்.

நான்கு காரியங்களை மட்டும் வீட்டுக்காரர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ரவுட்டரின் நிர்வாகச் சாவி. வைஃபை ரகசியச் சொல் வேறு, இது வேறு. முன்னது வீட்டுக்குள் நுழைய, பின்னது வீட்டையே மாற்றிக் கட்ட. இரண்டையும் நீங்களே நீளமாக வையுங்கள். பிறந்த தேதியும் தொலைபேசி எண்ணும் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நான்கை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் மறக்கவும் மறக்காது, மற்றவனுக்கு எளிதில் எட்டவும் எட்டாது. இரண்டு, தூரத்திலிருந்து நிர்வகிக்கும் வசதி. சேவை நிறுவனம் தனக்கென்று வைத்திருப்பது ஒரு புறம் இருக்கட்டும். அதற்கு மேல் வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் தட்டக்கூடிய கதவு திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள். மூன்று, பாதுகாப்புத் திருத்தம் தானாக இறங்கும் வசதி இயக்கத்தில் இருக்கட்டும். நான்கு, சிம் போட்ட ரவுட்டராக இருந்தால், வெளிநாட்டு இணைப்பு மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

இணைப்புக் கொடுக்க ஆள் வரும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: "தம்பி, இந்தப் பெட்டிக்குச் சாவி யார்கிட்ட இருக்கு? அதை மாத்தி எங்க கையில கொடுங்க. புதுத் திருத்தம் தானா இறங்குமா? வெளியிலேர்ந்து யாராவது இதுக்குள்ள வரமுடியுமா?" அவர் பொறுமையாகப் பதில் சொல்லுவார். சொல்லவேண்டிய கடமையும் அவருக்கு உண்டு. இதைக் கேட்க ஆங்கிலம் தேவையில்லை. காசு கட்டுகிறவர் நீங்கள்.

மாணவ மணிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பல வீடுகளில் அம்மா அப்பாவுக்கு இந்தத் திரையில் வரும் ஆங்கிலம் புரிவதில்லை. உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நீங்களும் மடமடவென்று தட்டிவிட்டு, "ஆயிடுச்சும்மா" என்று ஓடிவிடுவீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று தமிழில் சொல்லுங்கள். தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் உங்களுக்கே அது சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். நிர்வாகச் சாவியை ஒரு தாளில் எழுதி, கடப்பிதழும் பிறப்புச் சான்றிதழும் வைத்திருக்கும் பெட்டியில் அம்மா கையால் வைக்கச் சொல்லுங்கள். நாளை நீங்கள் தேசிய சேவைக்கோ மேற்படிப்புக்கோ போய்விட்டால் வீடு இருட்டில் நிற்கக்கூடாது. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் தாத்தாவுக்கும், விடுமுறையில் ஜொகூர் போகும்போது அங்கே இருக்கும் மாமா, அத்தைக்கும் இதையே செய்துகொடுங்கள். ஆனால் கேட்காமல் யாருடைய பெட்டியையும் திறந்து பார்க்காதீர்கள். அடுத்தவர் கருவிக்குள் அனுமதியின்றி நுழைவது இந்நாட்டில் சட்டப்படி குற்றம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை விளக்கிச் சொல்லும்போது, "எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று எழுந்து போய்விடாதீர்கள். நம்மவர்கள் இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தபோது அவர்களுக்குத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கைநாட்டு வைத்தார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று பலருக்குக் கடைசிவரை தெரியாது. இன்று திரையில் 'சம்மதம்' என்ற பொத்தான் வருகிறது. பிள்ளைகள் இத்தனை பேர் படித்துப் பரிசு வாங்கும் இந்தக் காலத்திலும், எதற்குச் சம்மதம் என்று கேட்காமல் நாம் கைநாட்டு வைக்கலாமா?

இன்று வீட்டுக்குப் போனதும் பாட்டி போட்ட துணியை எடுத்துவிடுங்கள். பெட்டிக்குக் காற்று வேண்டும். அப்படியே அதைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!